தூக்காத டிராக்டர், பழி மட்டும் பம்புக்கு

பழைய சின்ன டிராக்டர் ஒன்று பின்னால் பூட்டிய புல்வெட்டியைத் தூக்கவில்லை என்றால் உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: பம்பு போய்விட்டது. பட்டறையில் அதைத்தான் சொல்கிறார்கள், பக்கத்துத் தோட்டக்காரரும் அதைத்தான் சொல்கிறார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நான் மலேசியாவில், பினாங்கின் பிறை ஊரில் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஹைட்ராலிக் பம்பைக் கழற்றுவதும் பூட்டுவதும்தான் எனக்குச் சம்பளம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பம்பு தானாகக் கெட்டுப்போவது குறைவு. அதற்குப் போகவேண்டிய ஆயில் ஒழுங்காகப் போகாமல்தான் பெரும்பாலும் அது சாகிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பம்பைப் பூட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும், கொடுத்த காசும் அதோடு போகும்.

இப்போது இதை எழுத வைத்தது மாமாவின் டிராக்டர். நிபோங் திபால் பக்கம் அவருக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது, வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டவும், வீட்டுப் பக்கத்து மேட்டில் காய்கறி போடும்போது மண் கிளறவும் ஒரு பழைய ஜப்பான் டிராக்டர் வைத்திருக்கிறார். இருபது சொச்சம் குதிரைத்திறன், கைமாறி வந்தது, கையேடு கிடையாது, மணிக்கணக்கு காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. குபோட்டா, யன்மார், இசெக்கி என்று எதை எடுத்தாலும் அந்தக் காலத்துச் சின்ன டிராக்டர்களில் தூக்கும் அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும். தனியாக ஹைட்ராலிக் தொட்டி என்று ஒன்று கிடையாது. கியர்பாக்ஸும் பின் அச்சும் சேர்ந்த அந்தப் பெரிய இரும்புப் பெட்டிதான் தொட்டி. அதன் அடியிலிருந்து ஒரு வடிகட்டி வழியாக ஆயில் ஒரு நீண்ட குழாயில் முன்பக்கம் போகிறது. எஞ்ஜின் பக்கவாட்டில், டைமிங் கியரிலிருந்து சுற்றும் ஒரு சின்ன கியர் பம்பு அதை வாங்கி, மெல்லிய இரும்புக் குழாய் வழியாகத் திரும்பவும் பின்னால் அனுப்புகிறது. அங்கே சீட்டுக்கு அடியில் கன்ட்ரோல் வால்வு, அதை ஒட்டி ஒரு சிலிண்டர், அதன் பிஸ்டன் தள்ளும்போது, பின்னால் கருவியை மாட்டும் இரும்புக் கைகள் மேலே எழுகின்றன. இறங்குவது வெறும் பாரத்தால்தான். ஆக, பல்சக்கரத்துக்கும் தூக்குவதற்கும் ஒரே ஆயில், ஆயிலுக்குள் முங்கிய பிரேக் உள்ள வகை என்றால் பிரேக்குக்கும் அதே ஆயில். கியரிலிருந்து உதிரும் துகள், பிரேக் தட்டின் தூசு, போன முறை மூடியைப் பூட்டியவர் தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசை, கியர் லீவர் ஓரமாக இறங்கிய மழைத்தண்ணீர் என்று உள்ளே விழுவது எல்லாம் கடைசியில் அந்த வடிகட்டி வாசலில்தான் வந்து நிற்கும்.

அடுத்தது, பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. இதைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பம்பு ஓட்டத்தைத்தான் தருகிறது, அந்த ஓட்டத்தை எதிர்க்கும் பாரம்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. ஒரு சுற்றுக்கு 8 சி.சி. தள்ளும் பம்பு நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் 20 லிட்டர் வரும், தூக்கும் கையில் ஒன்றும் மாட்டாமல் இருந்தால் அந்த 20 லிட்டர் சும்மா போய்த் திரும்பும், அழுத்தமே இருக்காது. பாரத்தை மாட்டித் தூக்கும்போதுதான் அழுத்தம் ஏறும், கை மேலே போய் முட்டியதும், அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும். சின்ன டிராக்டர்களில் அது பெரும்பாலும் 2000 முதல் 2500 பி.எஸ்.ஐ. வரைக்குள், அதாவது 140 முதல் 170 பார் அளவில் திறக்கும்படி வைத்திருப்பார்கள் (பி.எஸ்.ஐ., பார் இரண்டும் அழுத்தத்தை அளக்கும் அலகுகள்). 20 லிட்டரை 150 பாரில் தள்ளுவதற்கு 5 கிலோவாட் வேண்டும், கிட்டத்தட்ட 7 குதிரைத்திறன். அதனால்தான் ரிலீஃப் திறக்கும்போது சின்ன எஞ்ஜினின் சத்தமே கனத்து இறங்குகிறது. அந்தச் சத்த மாற்றம் கேட்டால் பம்பு ஓரளவாவது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வெளியே தள்ளும் பக்கம் 2000 பி.எஸ்.ஐ. என்றால் உள்ளே இழுக்கும் பக்கம் எவ்வளவு? பம்பு உண்மையில் இழுப்பதே இல்லை. தொட்டியில் உள்ள ஆயிலின் மேல் காற்று அழுத்துகிறது, அந்த 14.7 பி.எஸ்.ஐ.தான் ஆயிலைப் பம்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் முழுச் சொத்து, அதிலும் சில பி.எஸ்.ஐ. போனாலே பம்பு முனக ஆரம்பித்துவிடும். வடிகட்டியில் படிந்த மெல்லிய அழுக்கு, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் ஒன்று இறுகிப்போனது, உள்பக்கம் பிய்ந்த ரப்பர் ஹோஸ், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். நான் எப்போதும் உறிஞ்சும் பக்கத்திலிருந்து தொடங்குவது இதனால்தான்.

மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "மெதுவாத் தூக்குதா, இல்ல தூக்கவே மாட்டேங்குதா மாமா?" என்பது. ஒன்றும் புரியாமல் பார்த்தார், "எல்லாம் ஒண்ணுதானடா, வேலை நடக்கலை, பம்பு போயிடுச்சுலா." ஒன்றில்லை. மெதுவாக ஆனால் முழுப் பாரத்தையும் தூக்கினால் ஓட்டம் குறைவு, அழுத்தம் இருக்கிறது. வேகமாக எழுந்து, பாரம் ஏறியதும் பாதியில் நின்றால் ஓட்டம் இருக்கிறது, அழுத்தம் எங்கோ கசிகிறது. முதலாவதற்கு உறிஞ்சும் பக்கம் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு ரிலீஃப் வால்வையும் சிலிண்டர் சீலையும் பார்க்க வேண்டும். காலையில் குளிரும்போது நன்றாகத் தூக்கி, வெயில் ஏறி ஆயில் சூடானதும் சோர்ந்தால் எங்கோ தேய்மானத்தின் வழியே மெலிந்த ஆயில் நழுவுகிறது. காலையில் சண்டித்தனம் செய்து, சூடானபின் சரியானால் வடிகட்டி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம், கெட்டியான ஆயிலால் அதைத் தாண்டி வர முடியவில்லை. மாமாவின் டிராக்டர் மெதுவாகவும் தூக்கியது, தூக்கிய பின் நிற்கவும் இல்லை, கூடவே எஞ்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம்.

அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆற்றிய பால் டீயான தே தாரிக் மேலே நிற்கும் நுரையேதான், நிறம் உட்பட. இந்த நிறத்தைப் பார்த்ததும் தண்ணீர் கலந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காற்று கலந்தாலும் ஆயில் இப்படித்தான் வெளுக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லை. ஓட்டி நிறுத்தியவுடன் கொஞ்சம் ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து இரவு முழுக்க அசைக்காமல் வைத்தால் போதும், நுரை மட்டும் என்றால் விடிவதற்குள் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் கலங்கலாகவே இருக்கும், அல்லது அடியில் தனியாகப் படியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நன்றாகச் சூடேறிய தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். எங்கள் பாட்டிலில் பெரும்பகுதி தெளிந்துவிட்டது, அடியில் மெல்லிய ஒரு கோடு தண்ணீரும் நின்றது. முக்கியக் குற்றவாளி காற்று, தண்ணீர் கூட்டாளி.

காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் சிரமம். அழுத்தம் உள்ள பக்கம் கசிந்தால் ஆயில் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் கசிந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், வெளியே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். சமதரையில், கைகளை இறக்கிவைத்து, முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்து மேடு பள்ளத்தில் ஓட்டினால் குழாய் வாய் வெளியே தெரிந்து காற்றை விழுங்கும். அளவு சரி என்றால், எஞ்ஜின் ஓடும்போதே உறிஞ்சும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான கிரீஸைச் சுற்றி அப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் அப்பும்போது பம்பின் சத்தம் மாறுகிறதோ அதுதான் இடம். ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பம்பை ஒட்டிய இணைப்பில் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த ஓ ரிங் வட்டமாகவே இல்லை, தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். கடையில் பல அளவு ஓ ரிங் அடங்கிய பெட்டி விற்கும், அதிலிருந்து ஒன்றை எடுத்து "கிட்டத்தட்ட சரியா இருக்கு" என்று போட்டுவிடுவார்கள். ஜப்பான் இயந்திரங்களில் ஓ ரிங் அளவு ஜப்பான் தரப்படி வரும், பி வரிசை, ஜி வரிசை என்று. பி-24 என்பது உள்விட்டம் 23.7, கனம் 3.5 மில்லிமீட்டர். ஜி-25 என்பது உள்விட்டம் 24.4, கனம் 3.1. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் அந்த 0.4 மில்லிமீட்டர் கனம் குறைந்தால் பள்ளத்தில் அமுங்கி அடைக்காது, காற்று மறுபடியும் நுழையும், அப்புறம் "ஓ ரிங் மாத்தியும் சரியாகலை, பம்புதான்" என்று ஆகிவிடும். பழையது தட்டையாகிவிட்டதால் அதை அளந்தும் பயனில்லை. வெர்னியரால் பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொண்டு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சீல், பேரிங் விற்கும் கடையில் வரிசை எண் சொல்லி வாங்கினோம். சில வெள்ளிதான் (ரிங்கிட்).

வடிகட்டியையும் அதே கையோடு கழற்றினோம். கம்பி வலை வகை, பாதிக்கு மேல் மூடியிருந்தது, அதில் ஒட்டியிருந்தது பெரும்பாலும் சாம்பல் நிறச் சிலிக்கான் நூல்கள். முன்பு எப்போதோ மேல் மூடியைத் திறந்து மூடியவர் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார், வெளியே பிதுங்கியதைத் துடைத்தவர் உள்ளே பிதுங்கியதை நினைக்கவில்லை. டீசலில் கழுவி, வலையில் கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூட்டினோம். காகித வகை வடிகட்டி என்றால் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஆயில் மாற்றும்போது, டிராக்டர் இரவு முழுக்க நின்ற பின் காலையில் எஞ்ஜினைத் தொடாமல் அடி நட்டை லேசாகத் தளர்த்தினால் படிந்த தண்ணீர் முதலில் வரும். இந்த மழையிலும் ஈரத்திலும் வெளியே நிற்கும் எந்த டிராக்டருக்கும் இது செய்து பார்க்க வேண்டிய வேலை.

புது ஆயில் ஊற்றியதும் கீச்சுச் சத்தம் நின்றது, தூக்கும் வேகமும் திரும்பியது. ஊற்றும் முன், நான் தொழிற்சாலையில் பயன்படுத்தும் 68 ஹைட்ராலிக் ஆயிலை (68 என்பது அதன் கெட்டித்தன்மை எண்) ஊற்றலாமே என்று மாமா கேட்டார், வேண்டாம் என்றேன். அது பம்புக்குப் போதும், ஆனால் அதே பெட்டியில் கியரும் பிரேக்கும் இருக்கின்றன. ஆயிலில் முங்கிய பிரேக் உள்ள டிராக்டருக்கு அதற்கென்று உராய்வு மருந்து சேர்த்த டிராக்டர் ஆயில்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது அதிரும்.

ஆனால் கை நிற்காத கோளாறு அப்படியே இருந்தது. எஞ்ஜின் ஓடும்போது புல்வெட்டியைத் தூக்கி வைத்தால் சில நொடிக்கு ஒருமுறை கை லேசாகத் தொய்ந்து, ஒரு உதறலோடு தானே மேலே வரும். எஞ்ஜினை நிறுத்தினால் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். இதற்கும் பம்புக்கும் சம்பந்தமே இல்லை, எஞ்ஜின் நின்றபின் பம்பு சுற்றுவதே இல்லையே! சிலிண்டருக்குள் அடைபட்டு நிற்க வேண்டிய ஆயில் எங்கோ நழுவுகிறது, கை இறங்கியதை உணர்ந்து கன்ட்ரோல் வால்வு மறுபடி கொஞ்சம் ஆயில் விடுகிறது, அதுதான் உதறல். நழுவுவது பிஸ்டன் சீலிலா வால்விலா என்று தெரிந்துகொள்ள ஒரு அருமையான வழி இருக்கிறது. சீட்டுக்கு முன்னால், கால்களுக்கு நடுவே, இறங்கும் வேகத்தைக் குறைக்கும் குமிழ் ஒன்று இருக்கும். பல டிராக்டர்களில் அதை முழுக்க மூடினால் சிலிண்டர் வால்விலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். தூக்கிவைத்து, குமிழை மூடி, எஞ்ஜினை நிறுத்திப் பாருங்கள். அப்போது நின்றால் கசிவு வால்வில். அப்போதும் இறங்கினால் கசிவு சிலிண்டருக்குள், பிஸ்டன் சீலில். எங்களுடையது இறங்கியது.

சீட்டையும் மேல் மூடியையும் சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கி எடுத்து பிஸ்டனை வெளியே கொண்டுவந்தோம். கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பிஸ்டனைத் தள்ளுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன், அது குண்டு மாதிரி வெளியே பாயும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஓ ரிங்கும் அதோடு வரும் வெள்ளை டெஃப்ளான் வளையமும் மாற்ற வேண்டும், அழுத்தம் வரும் பக்கம் ஓ ரிங், மறுபக்கம் டெஃப்ளான். வரிசை மாறினால் ஓ ரிங் இடுக்கில் பிதுங்கி விரைவில் அறுந்துவிடும். இப்போது புல்வெட்டி தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. பம்பை நாங்கள் கழற்றவே இல்லை.

பம்பு உண்மையிலேயே கெட்டதென்று எப்போது ஒப்புக்கொள்வேன்? உறிஞ்சும் பக்கம் சுத்தம், ஆயில் சரி, கை தூக்கிய இடத்தில் நிற்கிறது, அப்படியும் ஆயில் சூடானதும் எஞ்ஜின் குறைந்த வேகத்தில் ஓடும்போது தூக்கவில்லை, எஞ்ஜினை முடுக்கினால் மட்டும் தூக்குகிறது என்றால் பம்பின் பக்கத் தகடுகளும் அதன் வெளிக்கூடும் தேய்ந்திருக்கும். அப்போதும் அழுத்த மானி வைத்துப் பார்த்த பிறகுதான். 250 பார் வரை காட்டும் மானியை வெளி ஹைட்ராலிக் எடுக்கும் துளையில் பூட்டலாம், ஆனால் பூட்டும் இடத்துக்கும் பம்புக்கும் நடுவே ரிலீஃப் வால்வு இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் ஓட்டத்தை முழுக்க அடைக்காதீர்கள். பல டிராக்டர்களில் ரிலீஃப் பம்பில் இருக்காது, பின்னால்தான் இருக்கும். அதற்கு முன்பே வழியை அடைத்தால் பம்பு கூடு வெடிக்கும். மரைகளையும் பாருங்கள், ஜப்பான் துளைகளில் பி.எஸ்.பி. வகை மரை வரும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் என்.பி.டி. வகை கால் அங்குலத்தில் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் ஒரு அங்குலத்துக்கு என்.பி.டி.யில் 18 மரை, பி.எஸ்.பி.யில் 19. அரை அங்குலத்தில் இரண்டும் 14 என்பதால் இன்னும் மோசம், நன்றாக ஏறுவது போலத் தெரிந்து வார்ப்பை விரிசல் விடச் செய்துவிடும்.

இன்னொரு அறிகுறி, ஹைட்ராலிக் ஆயில் குறைந்துகொண்டே போய் எஞ்ஜின் ஆயில் அளவு ஏறினால் பம்பின் தண்டு சீல் போயிருக்கிறது, டைமிங் பக்கம் வழியாக ஆயில் எஞ்ஜினுக்குள் இறங்குகிறது. டீசல் இறங்கினாலும் அளவு ஏறும் என்பதால் முகர்ந்து பார்க்கவும். பம்பு வாங்கும்போது ஷிமாட்சு, கயாபா என்று எது கிடைத்தாலும் சுற்றும் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும், பூட்டும் முன் உள்ளே ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும், வறட்சியாகச் சுற்றினால் முதல் நிமிடத்திலேயே கீறல் விழும்.

தோட்டங்களில் மேஸி பெர்குசனில் பழகியவர்கள் ஒரு சோதனை சொல்வார்கள், கிளட்ச்சை மிதித்தால் தூக்குவது நிற்கிறதா என்று பார் என்பார்கள். 35, 135 போன்றவற்றில் பம்பு பின் பெட்டிக்குள், கருவிகளுக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. தண்டிலிருந்து சுற்றும், அங்கே அது சரி. எஞ்ஜினோடு பம்பு சேர்ந்திருக்கும் சின்ன ஜப்பான் டிராக்டரில் கிளட்ச்சை மிதித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கசிவைத் தேடும்போது அழுத்தம் உள்ள குழாயைக் கையால் தடவாதீர்கள். ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது, ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம், விட்டால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தூக்கிய புல்வெட்டிக்கு அடியில் போவதென்றால் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது.

தண்ணீர் இறங்கிய வழி கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை. அந்த மாடலுக்கு உறை எங்கேயும் கிடைக்கவில்லை, லோரி டியூப்பை வெட்டி மேலும் கீழும் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறோம். பெட்டிக்குள் காற்று போய்வரும் காற்றுப் போக்கியின் மூடியையும் சுத்தம் செய்தாயிற்று, அது அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் அந்த 14.7 பி.எஸ்.ஐ.யும் முழுதாகக் கிடைக்காது. வலையில் மிச்சம் மீதி சிலிக்கான் வந்து சேரும் என்பதால் புது ஆயிலில் 50 மணி நேரம் ஓடியதும் வடிகட்டியை மட்டும் இன்னொரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், மீட்டர் இல்லாததால் மாமா நாட்காட்டியில் குறித்து வருகிறார்.